பேரீச்சம்பழத்துக்குப் போகாத பெட்டிகள்: ஓர் ஆய்வு

தமிழ் வீடுகளில் ஒரு பொருளின் ஆயுள் முடிந்தது என்று அறிவிக்கும் அதிகாரம், தெருவில் கூவிக்கொண்டு போகும் பழைய இரும்புக்காரருக்கே உண்டு. ஈயம், பித்தளை, பிளாஸ்டிக், பழைய பேப்பர் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விலை இருக்கும். ஒருகாலத்தில் அந்த விலை பேரீச்சம்பழமாகவே கைக்கு வந்தது. ஓடாத எதையும் ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்று இன்றும் சொல்கிறார்களே, அந்த வழக்கு இப்படி வந்ததுதான். இந்த நியதிக்கு அடங்காத பொருள் ஒன்றும், அதை அடங்கவிடாத மனித இனம் ஒன்றும் உண்டு என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல். பொருள், பழைய கணினி. இனம், அதைத் தூக்கிப்போட மறுப்பவர். போதாக்குறைக்கு, அடுத்தவர் தூக்கிப்போட்டதையும் வீட்டுக்குச் சுமந்து வருபவர்.

இவ்வினத்தாரின் நடத்தையை விளக்க முன்னோர் வகுத்த கொள்கைகள் மூன்று. அவற்றுள் ‘வேற வேலை இல்லை’ என்னும் கொள்கை பெரும்பாலும் வாழ்க்கைத்துணைகளால் முன்வைக்கப்படுவது. சார்புநிலை வெளிப்படை என்பதால் தள்ளப்படுகிறது.

‘பழைய நினைப்பு’ என்னும் கொள்கைக்குக் கொஞ்சம் வலு உண்டு. 1984-இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அப்போதும் அதற்குப் பிந்தைய பல ஆண்டுகளிலும் நம் பள்ளிகளில் கணினி அறை என்பது கருவறைக்கு ஒரு படிதான் கீழே. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். உள்ளே ஏசி ஓடும். தூசு படாமல் பெட்டிக்கு வஸ்திரம் சாத்தியிருக்கும். மூன்று பேருக்கு ஒரு விசைப்பலகை; தன் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அன்று பத்து நிமிடம் தரிசனம் கிடைத்தவர் இன்று மூலவரையே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார் என்றால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 2003-இல் பிறந்த பொறியாளர் 1982-இல் வந்த பெட்டிக்காக இரண்டு மாதச் சம்பளத்தைச் செலவழிப்பதை இக்கொள்கை விளக்காது. பார்க்காத தாத்தாவுக்கு யாரும் அப்படி அழுவதில்லை.

மூன்றாவது, பணம். 1976-இல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1 ஏறத்தாழ 200தான் செய்யப்பட்டது. விலை 666 டாலர் 66 சென்ட். அந்தக் காசுக்குக் கிடைத்தது சிப்புகள் பதித்த பலகை மட்டும். பெட்டி, விசைப்பலகை, திரை எல்லாம் வாங்கியவர் பாடு. அப்படி ஒரு பலகை 2014-இல் ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது. இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, பரண்மேல் கிடக்கும் பென்டியம்-3ஐக் காட்டி மனைவிக்கு நம்பிக்கையூட்டுவோர் உளர். 200 செய்ததற்கும் கோடிக்கணக்கில் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் சொல்வதில்லை. துணைவியரும் கேட்பதில்லை, ஏனெனில் அவர்கள் முதல் கொள்கையிலேயே உறுதியாக நிற்கிறார்கள்.

ஆகவே இவ்வாய்வின் கருதுகோள் வேறு: பழங்கணினியின் கவர்ச்சி, அது நம்மைக் காக்க வைக்கும் விதத்தில் இருக்கிறது.

சான்றாக, கமடோர் 64. 1982-இல் 595 டாலருக்கு வந்து, ஒரு கோடிக்கும் மேல் விற்ற பெட்டி. விசைப்பலகையும் கணினியும் ஒன்றாய், பழுப்பு நிறத்தில், ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். சுவிட்சைத் தட்டினால் மூன்று நொடிக்குள் நீலத் திரை. மேலே ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று ஒரு வரி. கீழே ‘ரெடி’. அதற்கும் கீழே ஒரு சின்னச் சதுரம், கண் சிமிட்டிக்கொண்டு. அவ்வளவுதான். பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபி அனுப்பாது, விதிமுறைகளை ஏற்கிறீர்களா என்று மிரட்டாது. ‘நான் தயார்’ என்று சொல்லிவிட்டு நம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த 38,911 பைட்டுக்குள், காலையில் சித்தப்பா அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்படம் ஒன்றுகூட முழுதாக நுழையாது. ஆனால் அந்தக் கணினிக்கு அதன் நிறுவனமே வெளியிட்ட நிரலாளர் கையேட்டின் கடைசியில், முழு மின்சுற்றின் வரைபடத்தையும் மடித்து வைத்திருந்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்குப் போன் வாங்கினால் கூடவே வரும் காகிதம், ஈரக்கையோடு சார்ஜரைத் தொடாதே என்று மட்டும் பல மொழிகளில் சொல்கிறது.

மூன்று நொடியில் எழுந்துவிட்ட பெட்டி அதற்குப் பிறகுதான் தன் சுபாவத்தைக் காட்டும். அதன் ஃப்ளாப்பி டிரைவ் நொடிக்கு ஏறத்தாழ 400 பைட்தான் கொடுக்கும். அந்த 38,911ஐயும் நிரப்ப ஒன்றரை நிமிடத்துக்கு மேல். அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் இதையும் மிஞ்சும். ரப்பர் விசைகள், பாட்டு கேட்கும் அதே கேசட் பிளேயர். 48 கே அளவுள்ள விளையாட்டை ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் நெளியும், பல்லி ஒன்று ரேடியோவுக்குள் புகுந்து வழி தெரியாமல் கத்துவது போன்ற ஓசை வரும். நாலே முக்கால் நிமிடம் கழித்து ‘டேப் லோடிங் எரர்’ என்று சொல்லிவிடவும் கூடும். உடனே ஸ்குரூ டிரைவரை எடுத்து, பிளேயரின் ஹெட்டை ஒரு மயிரிழை திருப்பி, கேசட்டைச் சுற்றி, மறுபடி முதலிலிருந்து. செல்போனில் ஒரு படம் திறக்க நான்கு நொடி ஆனால் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டுகிற அதே ஆள், இங்கே கைகட்டி உட்கார்ந்திருப்பதை ஆய்வாளர் நேரில் கண்டிருக்கிறார்.

காரணம் என்ன? செல்போன் காக்க வைக்கும்போது ஒரு வட்டம் சுற்றுகிறது. உள்ளே என்ன நடக்கிறது, எப்போது முடியும், முடியுமா என்பதெல்லாம் தெரியாது. அரசு அலுவலகத்தில் ‘உட்காருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனவரைப் போல. பழைய பெட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யும். கடகடவென்றால் படிக்கிறது. ‘கடக்... கடக்...’ என்றால் ஒரே இடத்தில் தடுமாறுகிறது. ‘ங்ஙீய்ய்’ என்றால் தட்டு மட்டும் சுழல்கிறது, தலை நகரவில்லை. பக்கத்து அறையில் சட்னி அரைப்பவர்கூட மிக்ஸியின் குரலை வைத்தே பதம் சொல்வதில்லையா? அது போன்ற அறிவு இது.

காத்திருப்பின் தொல்சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் 1951-இல் ஓடத் தொடங்கிய கணினி, இரண்டரை டன் எடை. இரண்டு எண்களைப் பெருக்க ஐந்து முதல் பத்து நொடி எடுத்துக்கொள்ளும். கையால் கணக்குப்பொறியைச் சுற்றுகிற மனிதரின் வேகம்தான். அங்கிருந்த கணித அறிஞர் பார்ட் ஃபாஸி ஒருமுறை அதனோடு போட்டிக்கு உட்கார்ந்தார். அரைமணி நேரம் சரிக்குச் சரி வந்தார். பிறகு களைத்து எழுந்துபோனார். பெட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கணக்கைத் தொடர்ந்தது. பின்னாளில் அது வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரிக்குப் போய், சூனியக்காரி என்று பொருள்படும் ‘விட்ச்’ என்ற பெயர் பெற்று, 1973 வரை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியது. பிரித்துக் கிடங்கில் போட்டிருந்ததைத் தன்னார்வலர்கள் தேடி எடுத்து, மூன்றாண்டு உழைத்து, 2012-இல் பிளெச்லி பார்க் வளாகத்தில் மறுபடி ஓடவிட்டார்கள். இன்றும் அதன் முன்னால் நின்றால், கண்ணாடிக் குழாய்களுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து எண்ணுவதைக் கண்ணால் பின்தொடரலாம். கணினி கணக்குப் போடுவதைப் பார்த்தேன் என்று உண்மையாகவே சொல்லக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

தமிழில் எந்த ஆய்வும் திணை பிரிக்காமல் நகராது. பழங்கணினித் திணைக்கு நிலம், பரணும் பரண் சார்ந்த இடமும். சிறுபொழுது யாமம், வீட்டார் உறங்கிய பிறகே பெட்டி திறக்கப்படும். தொழில், ஈயம் பற்றவைத்தல். உணவு, ஆறிப்போன டீ. பறை, ஃப்ளாப்பி டிரைவ். விலங்கு எலி, இது மேசைமேல் ஊர்வது, பெட்டிக்குள் குடும்பம் நடத்துவது என இருவகைப்படும். உரிப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும். பொழுதோ குறிஞ்சிக்குரிய யாமம், உரிப்பொருளோ முல்லைக்குரிய இருத்தல். இதைத் திணைமயக்கம் என்பதா தூக்கமயக்கம் என்பதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.

இனி, பராமரிப்பியல். பெட்டியைத் திறந்ததும் தேட வேண்டியது, கடிகாரத்துக்காகப் பலகையில் பற்றவைத்த பேட்டரி. 386, 486 காலத்துப் பலகைகளில் இது கசிந்து, கோவில் குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்ததுபோலப் பச்சையாகச் செம்புக்கோடுகளைத் தின்றிருக்கும். கசிந்தது காரம், ஆகவே அமிலம் வேண்டும். வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சில் தொட்டுத் துடைப்பார்கள். அடுத்து கெபாசிட்டர். 80-களின் கடைசியில் வந்த சின்னத் தகரக் குடுவைகள் சில அடிவழியாக ஒழுகும். சூட்டுக்கோல் பட்டதும் கருவாட்டு வாடை எழும். நடுநிசியில் சைவ வீடுகளில் இதனால் எழும் விசாரணைகள் தனி ஆய்வேட்டுக்கு உரியவை.

பிறகு நிறம். வெள்ளையாக வாங்கிய பெட்டி மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஆகிவிடும். தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் கலவையும் வெயிலின் புற ஊதாக் கதிருமே காரணம் என்பது பொதுக்கருத்து. 2008 வாக்கில் ஆர்வலர்கள் இதற்கு மாற்று கண்டார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைப்பது. செய்முறை வடகம் போடுகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். மொட்டைமாடி, நல்ல வெயில், மேலே மூட ஒரு பிளாஸ்டிக் தாள், அவ்வப்போது திருப்பிவிட ஓர் ஆள். காக்காய் மட்டும் வராது. பக்கத்து மாடிக்காரர் வந்து, என்ன காயப்போட்டிருக்கீங்க என்று கேட்பார். கீபோர்டு என்று சொன்னால் அதற்குப் பிறகு வரமாட்டார். ஆனால் வெளுத்தது சில ஆண்டில் மறுபடி மஞ்சளாவதும் உண்டு. அலமாரிக்குள் இருட்டில் வைத்தாலும்கூட.

இங்கேதான் சம்பிரதாய பேதம் தொடங்குகிறது. மஞ்சளே மெய், வெளுப்பது அபசாரம் என்பது ஒரு கலை. வெளுத்து, கெபாசிட்டர் மாற்றி, ஃப்ளாப்பிக்குப் பதில் மெமரி கார்டு செருகினாலும் அது அதே பெட்டிதான் என்பது மற்றொரு கலை. முன்னவர் பின்னவரைப் பார்த்து, பேசாமல் புதுக் கணினியில் பழையதைப் போல நடிக்கும் எமுலேட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பார். அதைவிடக் கடுஞ்சொல் அவ்வுலகில் கிடையாது. பெட்டியைப் பிரிக்காமல், ஒட்டிய டேப்பை உரிக்காமல் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. இவ்வாய்வு அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. கொலுவுக்கும் கணினிக்கும் வேறுபாடு வேண்டும்.

பயன்படுத்துவோரில் புகழ்பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். தடித்தடியான நாவல்களை இன்டர்நெட் இணைப்பே இல்லாத டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டு எழுதுவதாக 2014-இல் அவரே தொலைக்காட்சியில் சொன்னார். தான் தட்டுவதைத் தானாகத் திருத்தாத மென்பொருள் அவருக்குப் போதும். அவருடைய அடுத்த நாவலுக்காக வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடப்பது நம் கருதுகோளுக்குக் கூடுதல் சான்றா என்பது தெளிவாகவில்லை.

தமிழகச் சான்றுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டிடிபி கடை போதும். ஆய்வாளர் களப்பணிக்குச் சென்ற கடையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடியது. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரலில். அதில் பேஜ்மேக்கர் 7. அது வந்தது 2001-இல், அதோடு அந்த வம்சம் முடிந்தது. சிபியு பெட்டியின் நெற்றியில் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மேடு தட்டியிருந்தன. மண்ணடுக்கை எண்ணும் அகழாய்வாளரைப் போல நகத்தால் சுரண்டி வயதைக் கணிக்க ஆய்வாளர் முனைந்தபோது, உரிமையாளர் கையைத் தட்டிவிட்டார்.

“சார், அதுல கைய வைக்காதீங்க. இருபது வருசக் கல்யாணப் பத்திரிகை இதுக்குள்ளதான் இருக்கு.”

“புதுசுல ஏத்திக்கலாமே?”

“ஏத்தலாம். படிக்க முடியணுமில்ல?”

அவர் சொன்னதில் தமிழ்க் கணிமையின் பாதி வரலாறு அடங்கியிருக்கிறது. 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து யுனிகோடு பரவும் வரை, தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஈழத்தமிழர் பெரிதும் புழங்கிய பாமினியில் ‘அம்மா’ என்று அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அழைப்பிதழ், சிறுபத்திரிகை, சங்க மலர், கண்ணீர் அஞ்சலி என்று எவ்வளவோ இப்படி அரைப்புள்ளிகளாகக் கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றலாம், பழைய கோப்பைத் திறக்க முடிந்தால் மாற்றலாம். அந்த இரண்டும் தெரிந்த ஒரே ஆள், நெற்றியில் பொட்டோடு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

அது எழுந்து நிற்க ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் உரிமையாளர் ஆய்வாளருக்கும் சேர்த்து டீ சொல்லி, இரண்டு ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்து, ஒருமுறை பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். ஏன் தட்டினீர்கள் என்று கேட்டதற்கு, ஃபேன் சத்தம் மாறிடுச்சு என்றார். ஆய்வாளரின் காதில் எந்த மாற்றமும் விழவில்லை.

மேலாய்வுக்கு உரியவை: பழைய பெட்டியைப் பிரித்து மாட்டியபின் ஒரு திருகாணி எப்போதும் மிஞ்சுவது ஏன், அது இல்லாமலும் பெட்டி ஓடுவது எப்படி, அப்படி மிஞ்சியவை எல்லாம் எல்லா ஊர்களிலும் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே சேமிக்கப்படுவதன் சமூகவியல் பின்னணி. இந்த ஆய்வாளரின் பாட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.