படத்துக்குப் பூட்டுப் போடும் படலம்

கன்னியாகுமரிக்குப் போகிற எவரும் சூரிய உதயத்தைப் படமெடுக்காமல் ஊர் திரும்புவதில்லை. அவர்களில் ஒருவர், கொஞ்சம் நல்ல கேமரா வைத்திருப்பவர், இருட்டோடு எழுந்து போய், திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் சூரியன் வந்து நிற்கும் வரை காத்திருந்து ஒரு படம் எடுத்தார். முகநூலில் போட்டார். சில நாள் கழித்து அந்தப் படம் அவருடைய குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. சூரியனுக்குக் கீழே இரண்டு ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காபி டம்ளர், ‘இனிய காலை வணக்கம்’, அதற்கும் கீழே அப்துல் கலாம் எந்த மேடையிலும் சொல்லியிராத ஒரு பொன்மொழி. அனுப்பியவர் பெரியப்பா.

“இது நான் எடுத்த படம் பெரியப்பா” என்று எழுதினார் இவர்.

“ரொம்ப நல்லா இருக்குல்ல? உனக்கும் யாராவது அனுப்பியிருந்தாங்களா?” என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து நம்மவர் படத்துக்குப் பூட்டுத் தேடத் தொடங்கினார். தேடினால் பூட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவை எதைப் பூட்டுகின்றன என்பதுதான் வேடிக்கை.

முதலில் சொந்தமாக ஒரு வலைத்தளம் தொடங்கி, அதில் ரைட் கிளிக்கை முடக்கினார். படத்தின் மேல் யாராவது ரைட் கிளிக் செய்தால் ‘காப்புரிமைக்கு உட்பட்டது’ என்று ஒரு பெட்டி எழுந்து முறைக்கும். எடுக்க வந்தவர் அந்தப் பெட்டியை மூடிவிட்டு நிதானமாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்வார். ஒரு படம் திரையில் தெரிகிறது என்றாலே அது பார்ப்பவரின் போனிலோ கணினியிலோ ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது என்றுதான் பொருள். 2018-ல், கெட்டி என்ற பெரிய புகைப்பட விற்பனை நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டி, கூகுள் தன் படத்தேடலில் இருந்து ‘படத்தைப் பார்’ என்ற பொத்தானை எடுத்துவிட்டது. சில நாட்களுக்குள் அதே பொத்தானை அதே இடத்தில் திரும்ப ஒட்டித் தரும் நிரல்கள் இலவசமாகக் கிடைத்தன.

முகநூல் 2017 ஜூனில் ஒரு கேடயத்தையே கொண்டுவந்தது. அதுவும் முதலில் இந்தியாவில். சுயவிவரப் படத்தைச் சுற்றி நீலக் கோடு, கீழே சின்னதாய் ஒரு கேடயம். படத்தைத் தரவிறக்க முடியாது. ஆண்ட்ராய்டு போன் செயலிக்குள் ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் தடை. முகத்தைப் போடவே பயந்த பெண்களுக்கு அது ஓரளவு தைரியம் கொடுத்தது, அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் இன்னொரு போனை எடுத்து அந்தத் திரையைப் படம்பிடித்தால் கேடயமும் சேர்ந்தே வரும்.

இவற்றையெல்லாம்விட நம்மவருக்குப் பிடித்தது அந்த அறிவிப்புதான். ‘நாளை முதல் உங்கள் படங்களை எல்லாம் முகநூல் எடுத்துக்கொள்ளப் போகிறது. நான் அனுமதி தரவில்லை. ரோம் சட்டத்தின்படி இது குற்றம்’ என்று வருமே, அதேதான். 2012 வாக்கில் ஆங்கிலத்தில் சுற்றத் தொடங்கிய சரக்கு இது. வருடா வருடம் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வரும். ரோம் சட்டம் என்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக 1998-ல் உருவான சட்டம். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றை விசாரிப்பதற்கானது. பேத்தியின் காதுகுத்துப் படத்தை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று தி ஹேக் நகரத்துக்குப் போய்ப் பிராது கொடுக்க முடியாது. படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. 2019-ல் இதன் இன்ஸ்டாகிராம் பதிப்பை ஹாலிவுட் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் பகிர்ந்தார். அமெரிக்காவின் எரிசக்தித் துறை அமைச்சராக இருந்த ரிக் பெர்ரியும் பகிர்ந்தார். உண்மை நிலவரம் இதுதான்: படத்தின் உரிமை உங்களுடையதே. ஆனால் கணக்குத் தொடங்கிய அன்றே, படித்துப் பார்க்காமல் ‘சம்மதம்’ என்று தட்டிய இடத்தில், அந்தப் படத்தை ராயல்டி தராமல் உலகெங்கும் பயன்படுத்திக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு சுவரில் எழுதி ஒட்டுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது வாட்டர்மார்க். அதன் மதிப்பு என்ன என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு ஃபிளெக்ஸ் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கு ஆர்டர் கொடுக்க தாய்மாமன் வந்திருப்பார். “பின்னாடி ஒரு அரண்மனை வைங்க தம்பி, ரெண்டு பக்கமும் மயில், மேல சிங்கம்.” பூப்புனித விழாவில் சிங்கத்துக்கு என்ன வேலை என்று டிசைனர் கேட்க மாட்டார், கூகுளில் தேடி எடுத்து வைப்பார். சிங்கத்தின் வயிற்றில் படத்தை விற்கும் நிறுவனத்தின் பெயர் சாய்வாக மங்கலாக ஓடும். அதன்மேல் தாய்மாமன் வட்டத்துக்குள் சிரிப்பார். அழிப்பதற்கு நேரமில்லாத அவசர ஆர்டர் என்றால் பெயர் அப்படியே பத்தடிக்கு விரிந்து தெருமுனையில் நிற்கும். ஊரில் ஒருவர் அதைக் கவனித்துக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

மூலையில் சின்னதாய்ப் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் பெரிதாய்ப் போட்டால் படத்தை நாமே கெடுத்த மாதிரி. 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே வாட்டர்மார்க்கைப் பல படங்களில் போட்டிருந்தால் கணினியே அதைத் தானாகக் கண்டுபிடித்து உரித்துவிட முடியும் என்று செய்து காட்டினார்கள். படத்துக்குப் படம் அதைக் கொஞ்சம் நெளித்துப் போட்டால் தப்பிக்கலாம் என்ற யோசனையும் அவர்களே சொன்னார்கள். இப்போது போனிலேயே விரலால் தேய்த்தால் அழிகிறது.

பெயரைக் கோப்புக்குள்ளேயே மறைத்து எழுதி வைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக ஒருமுறை போய் வந்தால் அது உதிர்ந்துவிடும். உதிர வேண்டிய நேரத்தில் உதிராது என்பது வேறு கதை. 2012-ல் போலீசுக்குத் தண்ணிகாட்டிக்கொண்டிருந்த மென்பொருள் பிரமுகர் ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை பெருமையாக வெளியிட்டது. ஆள் குவாத்தமாலாவில் எந்த இடத்தில் நிற்கிறார் என்ற ஜிபிஎஸ் விவரம் அந்தப் படத்துக்குள் பத்திரமாக இருந்தது.

படத்திருட்டு ஒன்றும் இணையம் கொண்டுவந்த நோய் அல்ல. நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக்காரர் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை உட்காரவைத்து எடுத்த படத்தை ஒரு அச்சு நிறுவனம் 85,000 பிரதிகள் அடித்துவிட்டது. ‘படம் எடுத்தது இயந்திரம்தானே, இதில் இவருக்கென்ன உரிமை?’ என்பது நிறுவனத்தின் வாதம். உட்காரும் விதம், உடை, வெளிச்சம் எல்லாம் அவருடைய யோசனை, அதனால் அது அவருடைய படைப்பு என்று 1884-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. படம் யாருடைய படைப்பு என்ற கேள்வியின் கடைசி எல்லை வரை போனது இந்தோனேசியக் குரங்கு வழக்கு: தானே பொத்தானை அழுத்தித் தன்னைப் படமெடுத்த குரங்குக்குக் காப்புரிமை கேட்டு வாதாட ஒரு விலங்குநல அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடையாது என்றது.

கரோல் ஹைஸ்மித்துக்கு நேர்ந்தது அதைவிட ருசியானது. தான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு, மக்கள் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று கொடுத்தவர் அவர். தன்னுடைய தளத்தில் தன்னுடைய படத்தைப் போட்டதற்காக 120 டாலர் கட்டச் சொல்லி ஒரு புகைப்பட விற்பனை நிறுவனத்தின் சார்பில் அவருக்கே நோட்டீஸ் வந்தது. அவருடைய படங்களை விற்ற நிறுவனங்கள் மீது நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு 2016-ல் வழக்குப் போட்டார். பொதுமக்களுக்கு என்று கொடுத்துவிட்டதால் வழக்கின் முக்கியப் பகுதி நிற்கவில்லை.

ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற ஓவியர் மற்றவர்களின் இன்ஸ்டாகிராம் படங்களை, கீழே தன் பின்னூட்டம் ஒன்றைச் சேர்த்து, ஆளுயரத்துக்கு அச்சிட்டு விற்றார். ஒன்று 90,000 டாலர் வரை போனது. படத்தைப் பறிகொடுத்த ஒரு குழு அழுது புலம்பவில்லை. அதே படத்தை அதே அளவில் அச்சிட்டு 90 டாலருக்கு விற்றது. இந்த விவகாரத்தில் இதைவிட நல்ல பதிலடியைக் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊர்ச் சட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. இதற்காகப் பெரியப்பாவை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஒரு கடை தன் தீபாவளி விளம்பரத்துக்கு உங்கள் படத்தை எடுத்திருந்தால் கதை வேறு. அப்போது கையில் அசல் கோப்பு இருந்தால்தான் பேச முடியும்.

எனவே பூட்டைவிட அளவுதான் உதவும். இணையத்துக்குச் சின்னப் படம். முழு ரெசல்யூஷன் அசல் வீட்டு ஹார்ட் டிஸ்கில். சின்னப் படத்தில் காலை வணக்கம் சொல்லலாம், பத்தடி பேனர் அடித்தால் பிக்சல் பிக்சலாகச் சிரிக்கும்.

கடைசியாக, கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்தவர்தான் என்கிறது அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு. உங்கள் மாலை மாற்றும் படம் அந்த ஸ்டூடியோவின் போர்டில் ஏறலாமா கூடாதா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.