15 பார் பராக்கிரமம்

மலிவு விலை எஸ்பிரெசோ மெஷின் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது அழுத்தம். ஒரு பெட்டியில் 15 பார், பக்கத்துப் பெட்டியில் 20 பார். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது சுமார் 9தான். மீதி, பெட்டியை விற்பதற்கு. மேலே மிதக்கும் பொன்னிற நுரையைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம். அடியில் ஒற்றைத் துளை மட்டும் விட்ட சல்லடை, பழைய தூளிலிருந்தும் அதை வரவழைத்துவிடும். அப்புறம் 18 கிராம் தூள், 36 கிராம் டிகாக்ஷன், 30 விநாடிக்குள் என்று தராசும் கடிகாரமுமாக நிற்பீர்கள். (நகைக்கடையில்கூட இத்தனை கறார் கிடையாது.) இவ்வளவுக்கும் ருசியைப் பெரிதும் தீர்மானிப்பது மெஷின் அல்ல, காபிக் கொட்டையை அரைக்கும் கிரைண்டர். நல்லதாக வேண்டுமென்றால் அதற்கே மெஷின் விலை ஆகும். வீட்டில் பட்ஜெட் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.