எலெக்ட்ரிக்கல் படித்த மாப்பிள்ளை

நியூஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் ஊருக்குப் பெயர் எடிசன். ஆமாம், அந்த எடிசனேதான். 1879இல் அவர் பல்பை எரியவைத்துக் காட்டிய மென்லோ பார்க் எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது. அங்கே 131 அடிக்கு ஒரு கோபுரம் எழுப்பி, உச்சியில் ராட்சத பல்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1954இல் ஊரின் பழைய பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில், எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் பட்டம் வாங்கிய ஒருத்தன், நாலு தூறல் விழுந்தால் வாசலில் சீரியல் செட்டை எரியவைக்க முடியாமல் நிற்கிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர் நினைப்பது எனக்குத் தெரியாது. என் மாமனார் நினைப்பது தெரியும்.

அவர் மன்னார்குடிப் பக்கம் மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவர். பெண்ணுக்கு வந்த வரன்களில் பேங்க் ஆபீசர் இருந்தார், பல் டாக்டர் இருந்தார். எல்லாரையும் தள்ளிவிட்டு, “பையன் எலெக்ட்ரிக்கல்” என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பிடித்தார். பையன் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு கம்ப்யூட்டர் பக்கம் ஓடிவிட்டதையும், அதற்குப் பிறகு ஒயரைத் தொட்டதே இல்லை என்பதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. தரகர் சொல்லவில்லை. நானும் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குக் கட்டிய விளக்கைப் பொங்கல் வரை அவிழ்ப்பதில்லை. தீபாவளி நமக்கு, கிறிஸ்துமஸ் தெருவுக்கு, புத்தாண்டு பொதுவில், பொங்கல் மறுபடியும் நமக்கு. இதில் பக்தி எத்தனை பங்கு, ஏணி ஏறச் சோம்பல் எத்தனை பங்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது. சங்கடம் என்னவென்றால், இந்த மாதங்களில்தான் இங்கே எலும்பைத் துளைக்கும் குளிர்மழை. உதிர்ந்த மேப்பிள் இலையெல்லாம் புல்தரையில் ஊறிக் கிடக்கும். என் ப்ளக்குகளும் அங்கேயேதான் கிடக்கும்.

மின்சார விளக்கைக் கிறிஸ்துமஸ் மரத்தில் முதலில் கட்டியவரும் எடிசனின் கூட்டாளிதான், எட்வர்ட் ஜான்சன் என்று பெயர். 1882இல் நியூயார்க்கில் தன் வீட்டில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக எண்பது பல்புகளைச் சுற்றினார். ஆனால் வீட்டுக்குள்ளே வைத்துச் சுற்றினார். கெட்டிக்காரர்.

இங்கே வெளிப்புற ப்ளக் பாயின்ட்டில் ஜி.எஃப்.சி.ஐ. என்று ஒரு காவல் ஏற்பாடு உண்டு. நம் ஊர் இ.எல்.சி.பி.க்குத் தம்பி முறை. போன கரண்டு அப்படியே திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 5 மில்லிஆம்பியர் அளவுக்குக் குறைந்தால் போதும், எங்கேயோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனுஷன் வழியாகவே கசிகிறது என்று முடிவுகட்டி, கண் இமைப்பதற்குள் டப்பென்று துண்டித்துவிடும். அதைக் கண்டுபிடித்தவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸியல். ஒயரைப் பிடித்த கையை மனிதனால் எவ்வளவு கரண்டு வரை உதறி விட முடியும் என்று ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர். அதற்கு மேல் போனால் பிடித்த பிடியை விட முடியாது. எனக்குப் பிடித்த பிடியை விட முடியாமல் போக கரண்டே தேவையில்லை.

இந்த 5 மில்லிஆம்பியர் சங்கதியைக் கேட்டதும் மாமனார் சிரித்தார். “நம்மூர்ல வீட்டுக்கு முப்பது வைக்கிறோம் மாப்ளே. அஞ்சுன்னா கொசு கடிச்சாக்கூட ட்ரிப் ஆகுமே.” வந்து இறங்கிய அன்றைக்கே இங்கே வீட்டில் 120 வோல்ட்தான் என்று தெரிந்துகொண்டு, “வோல்டேஜ் பாதிதான் வருது, செக்ஷன் ஆபீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுங்க” என்று சொன்னவர் அவர்.

சரி, ட்ரிப் ஆனால் ரீசெட் பட்டனை அழுத்தினால் தீர்ந்தது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து முதல் மழையில் குடையோடு வாசலுக்கு ஓடினேன். வாசல் ப்ளக் பாயின்ட்டில் பட்டனே இல்லை. அமெரிக்காவில் 1973 முதல் வீட்டின் வெளிப்புற பாயின்ட்டுகளுக்கு இந்தக் காவல் கட்டாயம். அடுத்து பாத்ரூம், அதற்கும் அடுத்து கராஜ் என்று வரிசையாகக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் வீடு எண்பதுகளின் ஆரம்பத்தில் கட்டியது. அப்போது அந்தச் சாமானின் விலை ஜாஸ்தி. கட்டியவர் யோசித்தார்: வாசலுக்கு ஒன்று, கராஜுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என்று மூன்று எதற்கு? ஒன்றே ஒன்றை வாங்கி கீழ் பாத்ரூமில் மாட்டி, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே இழுத்துவிட்டார். அன்றைய விதிப்படி அது சரிதான். வாசலில் மழை பெய்தால் பாத்ரூமில் பட்டன் துள்ளும்.

மாமனார் மாமியார் வந்ததிலிருந்து கீழ் பாத்ரூம் அவர்கள் வசம். மாமனார் சாயங்காலம் வெந்நீரில் குளித்துவிட்டு, நிதானமாக விபூதி இட்டுக்கொண்டு, எலெக்ட்ரிக் ஷேவரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வருவார். மழையும் சாயங்காலம் பார்த்தே வரும். தெருவில் எல்லா வீடும் ஜொலிக்க, நம் வீடு மட்டும் கரண்டு கட் ஆன கிராமமாக நிற்க, நான் பாத்ரூம் கதவைத் தட்டி, “மாமா, உள்ளே அந்தச் சின்னப் பட்டனைக் கொஞ்சம் அழுத்துங்களேன்” என்று கெஞ்ச வேண்டும். “எந்தப் பட்டன்?” “கண்ணாடி பக்கத்துல, ரீசெட்னு போட்டிருக்கும்.” “மூக்குக் கண்ணாடி வெளில இருக்கே மாப்ளே.” கதவு ஒரு சாண் திறக்கும். ஈரக் கை ஒன்று நீளும். கண்ணாடியை வைப்பேன். கதவு சாத்திக்கொள்ளும். பல சமயம் அவர் அழுத்தியது பக்கத்திலிருந்த டெஸ்ட் பட்டனை.

இதற்குள் கராஜ் ஃப்ரீசர் அதே லைனில் இருப்பது எனக்கு மறந்தே போய்விட்டது. அதில்தான் என் மனைவி ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளில் வாங்கி வந்த உறைந்த தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். ஒரு சனி ஞாயிறு நாங்கள் பென்சில்வேனியா கோயிலுக்குப் போயிருந்தபோது மழை பெய்திருக்கிறது. திரும்பி வந்து திறந்தால் தேங்காய்த் துருவல் எல்லாம் தேங்காய்ப் பாலாகிக்கொண்டிருந்தது. தூக்கிப் போட மனமில்லாத மாமியார், “இன்னும் சில்லுனுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவியல், கூட்டு, தேங்காய்ச் சாதம், தேங்காய் பர்பி, மோர்க்குழம்பு, மறுபடி அவியல். பையன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், “அப்பா, வெதர் ரிப்போர்ட் பாத்துட்டு லைட் போடலாமே” என்றான். பத்தாவது படிக்கிற பிள்ளை.

எதிர்வீட்டு அமெரிக்கப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் காற்றடைத்த சாண்டா கிளாஸ், மான்கள், பனிமனிதன், கூரை முழுக்க விளக்கு. எந்த மழைக்கும் ஒன்றும் அணையாது. நான் இருட்டில் குடைக்குக் கீழே குத்துக்காலிட்டு ப்ளக்கை ஊதிக்கொண்டிருக்கும்போது பார்த்து, தன் வாசலிலிருந்தே கை ஆட்டுவார். நல்ல மனுஷர். அந்த நல்லதனம்தான் தாங்காது.

என் முதல் வைத்தியம் பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு ஜங்ஷனையும் ஒரு பைக்குள் போட்டு, கருப்பு இன்சுலேஷன் டேப்பை வஞ்சனையில்லாமல் சுற்றினேன். மழை நின்ற பிறகும் விளக்கு வரவில்லை. பிரித்துப் பார்த்தால் பைக்குள் தண்ணீர். உள்ளே நுழைய முடியாத தண்ணீர் என்று நான் நினைத்தது, வெளியேற முடியாத தண்ணீராக உள்ளே உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது வைத்தியம் என் மூளையில் உதித்ததும் மாமனாரிடம் பெருமையாகச் சொன்னேன். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் உள்ள பாயின்ட்டுக்கு அந்தக் காவல் கிடையாது. ஜன்னல் வழியே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை விட்டுவிட்டால் ட்ரிப் ஆகவே ஆகாது. கேட்டுக்கொண்டிருந்த மாமனாரின் முகம் மாறியது. “எத்தனை பேரைக் கம்பத்துலேருந்து இறக்கியிருக்கேன் தெரியுமா?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் அவரே களத்தில் இறங்கினார். வேட்டிக்கு உள்ளே தெர்மல், மேலே என் பழைய ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா. “மெக்கர் இருக்கா?” என்றார். இன்சுலேஷனை அளக்கும் அந்தக் கருவியைக் கல்லூரி லேபில் பார்த்தது. இல்லை என்றேன். “டெஸ்ட்டர்?” இருந்தது, எங்கே என்று தெரியவில்லை. “எலெக்ட்ரிக்கல்...” என்று ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“லைன்ல ஃபால்ட்டுன்னா என்ன பண்ணுவோம்? ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு செக்ஷன் செக்ஷனா சார்ஜ் பண்ணிப் பாப்போம். எந்த செக்ஷன்ல ட்ரிப் ஆகுதோ அங்க திருடன். நீங்க சப்-ஸ்டேஷனுக்குப் போங்க.”

சப்-ஸ்டேஷன் என்பது பாத்ரூம். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கமோட் மூடிமேல் உட்கார்ந்தேன். வாசலிலிருந்து அவர் குரல் வரும்: “சார்ஜ்!” நான் அழுத்துவேன். “நிக்குதா?” “நிக்குது மாமா.” “ஆஃப்!” அடுத்த சரம். “சார்ஜ்!” இடையில் பையன் கதவைத் தட்டினான், சப்-ஸ்டேஷனில் அனுமதி இல்லை என்று தாத்தாவே போனில் சொல்லிவிட்டார்.

விசித்திரத்தைக் கேளுங்கள். எல்லாச் சரமும் தனியாகப் போட்டால் எரிந்தது. எல்லாவற்றையும் கோத்துப் போட்டால் ட்ரிப். நம் கல்யாண வீட்டு உறவுக்காரர்கள் மாதிரி, தனித்தனியே பார்த்தால் தங்கம். ஒரே பந்தியில் உட்கார்ந்தால்தான் வெடிக்கும். காரணத்தை மாமனார்தான் சொன்னார். ஈரத்தில் ஒவ்வொரு சரமும் துளித்துளியாகக் கசிகிறது. ஒன்றின் கசிவு காவல்காரனுக்குக் கண்ணில் படாது. எல்லாம் கூடி 5 மில்லிஆம்பியரைத் தொட்டால் பட்டன் துள்ளும். திருடன் என்று ஒருத்தனும் இல்லை, எல்லாரும் சில்லறை. ஒரு சரத்தில் மட்டும் அணில் பல்பைக் கடித்துத் தின்றுவிட்டு ஹோல்டரை வாய் பிளந்தபடி விட்டிருந்தது. அதைத் தனியே எடுத்துக் குப்பையில் போட்டார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. புல்லில் கிடந்த ஜங்ஷன்களை எல்லாம் தூக்கிச் செங்கல் மேலும் கம்பிக் கொக்கியிலும் ஏற்றினார். ப்ளக்கின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பினார். என் டேப்பையும் பையையும் இரண்டு விரலால் பிடித்து அப்புறப்படுத்தினார். பாயின்ட்டுக்குள் நுழையும் முன் ஒயரை ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார். ஒயர் வழியே ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். “சர்வீஸ் ஒயருக்கு இந்தத் தொங்கல் விடாம வந்தா ஹெல்ப்பரைத் திட்டுவோம்” என்றார், என்னைப் பார்க்காமல். ப்ளக் செருகியபடியே மூடுகிற மூடி ஒன்றைக் கடையில் வாங்கி வரச் சொன்னார். கடைசியாக, பின்பக்கம் பார்பெக்யூ அடுப்புக்கு அருகே தனி லைனில், தனி பட்டனோடு, ஒரு பாயின்ட் இருப்பதைக் கண்டுபிடித்து, பாதிச் சரங்களை அந்தப் பக்கம் மாற்றினார். நாங்கள் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பாயின்ட் அங்கேதான் இருந்திருக்கிறது. அதன்மேல் நான் ஒரு துளசித் தொட்டியைச் சாய்த்து வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி பிய்த்துக்கொண்டு பெய்தது. ஒரு பல்பு சிமிட்டவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் பதிலுக்கு உயர்த்தினேன். அவர் தலையை ஆட்டி, எனக்குப் பின்னால் குல்லாவோடு நின்றவரைச் சுட்டிக் காட்டினார்.

காலையில் மாமனார் மன்னார்குடியில் தன்னோடு ரிட்டயர் ஆன சிநேகிதரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஃபால்ட் பார்த்த கதை, அஞ்சு மில்லிஆம்பியர், அணில் எல்லாம் விஸ்தாரமாக ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். நான் காபி டம்ளரோடு கதவோரம் நின்றேன்.

“மாப்பிள்ளையா? சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஆப்பரேட்டர். அழுத்துன்னா அழுத்துறார், விடுன்னா விடுறார்.”