குழாய்ப்பிடியியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்க பார்களில் வரிசையாக நிற்கும் பீர்க் குழாய்களுள் சுயேச்சை ஆலையின் சரக்கு எது, பெருநிறுவனத்தின் சரக்கு எது எனப் பகுத்துரைத்தலே இந்நூல் நுதலிய பொருள். இதனால் பயன் யாதோ எனின், பதவி உயர்வு.

சுயேச்சைக்கு இலக்கணம் உண்டு. அமெரிக்கச் சிற்றாலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் வகுத்த சூத்திரப்படி, ஒரு கிராஃப்ட் ஆலை ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் காய்ச்சலாகாது. கிராஃப்ட் அல்லாத மது நிறுவனம் எதற்கும் அதில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கிருத்தலாகாது. முன்னாளில் வரம்பு 20 லட்சம். சாமுவேல் ஆடம்ஸ் காய்ச்சும் பாஸ்டன் பீர் நிறுவனம் அதை நெருங்கிவிட, 2011இல் அது 60 லட்சமாயிற்று. இலக்கியம் கண்டே இலக்கணம் இயம்பினர் என்க.

சுவை: விரிவஞ்சி விடுத்தனம்.

25 விழுக்காட்டு விதியில்தான் சிக்கல். 2015இல் லகுனிடாஸ் ஆலை தன்னில் பாதியை ஹைனெக்கன் பெருநிறுவனத்துக்கு விற்றது. கையெழுத்தான கணத்தில் தொட்டியில் நொதித்துக்கொண்டிருந்த பீர் எச்சாதி? ஈஸ்ட் இட்ட நாளே பிறந்தநாள் ஆதலின் அது சுயேச்சையே என்பர் தொட்டிக் கட்சியார். பீப்பாயில் அடைக்கும்வரை அது பிறக்கவே இல்லை என்பர் பீப்பாய்க் கட்சியார். அற்றேல் அஃதொக்கும், நுரை மட்டும் சுயேச்சை, அடியில் உள்ளது ஹைனெக்கன் என ஒரு மூன்றாம் கட்சியும் உண்டு. இதற்கு ஆதாரம் கோப்பைக்கடியில் வைக்கும் அட்டை ஒன்றின் பின்புறக் குறிப்பு. அதில் பாதியை ஈரவட்டம் தின்றுவிட்டது. எஞ்சிய பாதி சலவைக்கடை ரசீது என்போர் மாற்றுத் துறையினர். நிதி கேட்டு வருபவர்கள்.

இனிக் குழாய்ப்பிடி. கூஸ் ஐலண்ட் ஆலையின் பிடி வாத்துத் தலை. 2011இல் பட்வைசர் காய்ச்சும் ஆன்ஹைசர்-புஷ் அவ்வாலையை 3.88 கோடி டாலருக்கு வாங்கிய பின்னும் வாத்து வாத்தாகவே நின்றது. ஆயினும் அதன் கழுத்தில் ஒரு நாணம் தோன்றியதாக முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று 300 பக்கங்களில் நிறுவுகிறது. அதை மறுத்த ஆய்வேடு 400 பக்கம். இரண்டுக்கும் நெறியாளர் ஒருவரே. இரண்டையும் படிக்காதவரும் அவரே. வாத்து குடிப்பவரைப் பார்க்கிறதா, ஊற்றுபவரைப் பார்க்கிறதா என்று நடந்த மூன்று நாள் கருத்தரங்கு உணவு இடைவேளைக்குப் பின் முடிவுக்கு வரவில்லை. வர ஆளும் இல்லை.

ப்ளூ மூன் பீருக்கு வாத்தும் இல்லை, நாணமும் இல்லை. அது 1995இல் டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்திலேயே பிறந்த, கூர்ஸ் பெருநிறுவனத்தின் குழந்தை. அதைச் சிற்றாலைச் சரக்கென்று நம்பி ஏமாந்ததாகக் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் 2015இல் வழக்குப் போட்டார், தள்ளுபடி ஆனது.

எலிசியன் ஆலையோ பெருநிறுவன பீரை வைது விளம்பர வாசகமே வைத்திருந்தது. 2015 ஜனவரியில் ஆன்ஹைசர்-புஷ் அதை வாங்கும் செய்தி வந்தது. அடுத்த மாதமே சூப்பர் பவுல் விளம்பரத்தில் பூசணி பீச் ஏல் குடிப்போரைப் பட்வைசர் கேலி செய்தது. எலிசியன் பூசணியும் பீச்சும் சேர்த்து பீர் காய்ச்சிய ஆலை. இதை முரண் என்க. இடைச்செருகல் என்பார் கூற்றுப் பொருந்தாது.

ஐயம் தீர்க்க 2017இல் சங்கம் ஒரு முத்திரை வெளியிட்டது: தலைகீழ்ப் புட்டி. அது லேபிளில் இருக்கும். குழாயிலிருந்து கோப்பைக்கு வரும் பீருக்கு லேபிள் ஏது என்று வினவிய மாணவர் இப்போது வேறு துறையில் படிக்கிறார்.

கடைசியாக, பார் முதலாளி. எந்தப் பீரை வைப்பது என்று முடிவு செய்பவர் அவர். 1933இல் மதுவிலக்கு நீங்கியபின் ஆலை, விநியோகஸ்தர், கடை என மூன்றடுக்காகப் பிரித்துவிட்டதால், பெரும்பாலும் அவர் வாசலுக்கு வருவது விநியோகஸ்தரின் லாரிதான். ஒரே லாரியில் பட்வைசரும் வரும், வாத்தும் வரும், சமயத்தில் பக்கத்து ஊர்ச் சிற்றாலையும் வரும். எது விற்கிறது, எந்த லாரி சொன்ன நாளில் வருகிறது என்று பார்த்து வாங்குகிறார். அவரை நாம் நேர்காணவில்லை. அவர் மூலநூலும் அல்லர், உரையாசிரியரும் அல்லர், வெறும் கடைக்காரர்.