யாளி ஜக்கார்டு ஏறிய சரித்திரம்

பழைய விதிகளுக்குள் பிறந்த மிருகத்தைப் புதிய விதிகளுக்குள் குடியேற்றுவது எத்துணை கஷ்டமான காரியம் என்பதை, 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டைப் பயில்வோர் நன்கறிவர். கவசத்தின் எண் குறையக் குறைய மிருகத்துக்குப் பாதுகாப்பு மிகுதி என்றிருந்த அதன் சட்டம், 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் தலைகீழாகவே, பழைய பூதங்கள் ஒவ்வொன்றின் எண்ணையும் 20-இலிருந்து கழித்துத்தான் அவற்றின் மானத்தைக் காக்க வேண்டியதாயிற்று. அவ்வன்பர்கள் நம்மைக் கலந்திருந்தால், ஒரு கழித்தல் கணக்குக்கா இத்தனை ஆயாசம் என்று தேற்றி, காஞ்சிபுரத்துக்கு வந்து ஒரு பட்டுப் புடவையின் கரையைப் பார்க்குமாறு உபதேசித்திருப்போம்.

அப்புடவைக் கரையில் நடக்கும் யாளியின் மூலப் பதிப்பு கல்லில் உள்ளது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் சிம்ம யாளிகளையும், விஜயநகர காலத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலில் எழுந்த நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் பாய்வனவற்றையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு, கல்லின் சட்டம் எத்துணை தாராளமானது என்பது விளங்கும். பல் எத்தனை, பிடரியில் சுருள் எத்தனை என்று அங்கே கேட்பாரில்லை. உளி அனுமதித்தவையெல்லாம் மிருகத்துக்கு உரியவை. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் உருளும் கற்பந்தையும் வைத்தார்கள். தறிக்கு வந்தபோது முதலில் பறிபோன சித்தி இப்பந்துதான் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை இல்லை.

புதிய சட்டத்தின் கர்த்தா, பிரான்சு தேசத்து லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு. அவர் 1804-ஆம் ஆண்டில் முழுமைப்படுத்திய கருவி பிற்காலத்தில் காஞ்சித் தறிகளின் தலைமேல் ஏறி, அதுவரை நூல் இழுத்துப் புட்டா போட்டுவந்த 'அடை' முறையை ஓரங்கட்டியது. ஜக்கார்டுப் பெட்டியில் 240 கொக்கி என்றால் 240 கொக்கிதான். மேலும் ஒரு பல் வேண்டுமென்று யாளி மன்றாடினாலும் பயனில்லை. உருவத்தைக் கட்டத்தாளில் வரைந்து, வரிக்கு ஓர் அட்டை வீதம் துளையிட்டு, அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து ஓட்டவேண்டும். கட்டத்தில் வளைகோடு என்பதே கிடையாதாகையால், யானை யாளியின் துதிக்கை மாடிப்படியாக இறங்கலாயிற்று. வயிறு முழுவதையும் சரிகையால் நிரப்பலாமென்றாலோ, கட்டின்றி நீளும் சரிகை இழை காலில் அணிந்த மெட்டியில் மாட்டி இழுபடும் என்ற லௌகிக நியாயம் குறுக்கே நிற்கிறது. ஆதலால் அவ்வயிற்றில் இடையிடையே பொடிப் புள்ளிகள் தோன்றின. அவற்றை அம்மை வடு எனக் கொள்வார் கூற்று ஏற்புடையதன்று.

இங்கே நம் ஆராய்ச்சியின் சாரமான பிரமேயத்துக்கு வருகிறோம். கல்லில் ஒரு தலை கூடினால் சிற்பிக்கு ஒரு தலை வேலை கூடும். தறியிலோ தலை கூடக் கூட வேலை குறைகிறது. அச்சுதராயரின் நாணயத்திலும் மைசூர் உடையாரின் சின்னத்திலும் கம்பீரமாக வீற்றிருந்த கண்டபேருண்டம், காஞ்சித் தறியில் 'இருதலைப் பட்சி' என்னும் பெயர் பூண்டு சௌகரியமாகக் குடியேறியதன் ரகசியம் இதுவே. இருபுறமும் ஒத்த உருவமாகையால் பாதிப் பறவையை வரைந்து, அட்டைகளை வந்த வழியே திருப்பி ஓட்டினால், மறுபாதி தானாகவே பிறந்துவிடும். ஒரு பக்கம் மட்டுமே பார்த்து உறுமும் யாளியோ முழு அட்டைச் செலவையும் கேட்கும். வீரத்தைக் கொண்டு மிருகத்தின் தரத்தை நிர்ணயிப்போர், யானையையே தூக்கிச் செல்வதாகப் பேர்பெற்ற பட்சிக்குப் பாதி அட்டையே போதுமானது எங்ஙனம் என்பதற்குச் சமாதானம் கூறக் கடமைப்பட்டவர்.

எஞ்சிய பிரச்சினை ஒன்றே. கரையின் விளிம்பை நிலமாகக் கொண்டு நிற்கும் யாளி, நெய்பவர் கண்ணுக்குத் தறியில் பக்கவாட்டில் படுத்தே கிடக்கிறது. உடுத்தியபின் காலருகே நிமிர்ந்து வரிசையாக நடக்கிறது. முந்தானை தோளைத் தாண்டி முதுகில் தொங்கியதும் மறுபடியும் படுத்துவிடுகிறது. அவ்விடத்து யாளியை மட்டும் திருப்பி நெய்யலாமென்றால் அதற்கென வேறு வரைபடமும் வேறு அட்டைக் கட்டும் தேவை. கணினி பூட்டிய இக்கால ஜக்கார்டுக்கு அட்டைச் செலவு இல்லையாயினும், உடுத்தியவர் தம் முதுகைத் தாம் காணாராகையால் அவ்வாறு கேட்பாரும் இல்லை. வரதராஜர் சந்நிதி வரிசையில் பின்னால் நிற்பவருக்கே அது கண்கூடு. அயலாரின் முந்தானையை நெடுநேரம் உற்று நோக்குதல் மரியாதையன்று ஆதலின், இத்துறையில் ஆராய்ச்சி மேற்செல்லாமல் நிற்கிறது.