மார்கழிக் குதிரைக்கு ஒரு கையுறை

குதிரையேற்றக் கையுறை சீக்கிரம் தேய்வது சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில். கடிவாள வார் ஓடுவது அங்கேதான். அந்த இடத்தில் தோலோ இரட்டைத் துணியோ இல்லையென்றால் அது கைக்குப் போட்ட பனியன், அவ்வளவே. திருப்பூர் பெருமைப்படும் பருத்தி இங்கே உதவாது: வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு விரலைக் குளிரவைக்கும். உள்ளே கம்பளியோ பாலியஸ்டர் ஃபிளீஸோ வேண்டும். தடிமன் கூடினால் குதிரையின் வாயசைவு கைக்கு எட்டாது. ஆகவே கடையிலேயே ஒரு வாரைப் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது. ஃபிளீஸ் திருப்பூரிலேயே பின்னப்படுகிறது, ஐரோப்பியக் குளிருக்காக. உள்ளூரில் இந்தக் கையுறையை வாங்குவோர் அரிது: மார்கழிக்கு மஃப்ளர் கட்டுவோர் ஏறுவது ஸ்கூட்டரில். அந்தியூர்க் குதிரைச் சந்தை கூடுவதோ ஆடியில். காங்கேயம் காளை பூட்டி ரேக்ளா வண்டி ஓட்டுவோர் கையுறை கேட்டு வந்ததாகத் தெரியவில்லை.