பிணவாடைப் பூ வளர்ப்பது எப்படி?

ரோஜா வளர்த்தால் நாலு பேர் பாராட்டுவார்கள். ஸ்டபீலியா வளர்த்தால் அதே நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டாவது வகைப் புகழுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள்.

செடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஏற்கெனவே வளர்க்கிறவரிடம் ஒரு துண்டு கேளுங்கள், மூன்று கொடுப்பார். இந்தத் தாராளத்தின் காரணம் பூக்கும்போது புரியும். பச்சைத் தண்டு, நாலு பட்டை, இலை கிடையாது. ஓரத்தில் முள் மாதிரித் தெரிவது குத்தாது, தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் "கள்ளியா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையில் இது எருக்கின் குடும்பம். நம் வறண்ட குன்றுகளில் முளைக்கிற கள்ளிமுளையானுக்கு நெருங்கிய சொந்தம். தென்னாப்பிரிக்கா முதல் தான்சானியா வரை பரவிய இனத்தை நம்மூர்க்காரர் என்று நிரூபிக்க மெனக்கெடுவானேன்?

ஒடித்த துண்டை உடனே நடாதீர்கள். நாலைந்து நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த, அடியில் ஓட்டையுள்ள தொட்டி போதும். மண்ணில் பாதிக்கு மேல் பெருமணலும் செங்கல் சில்லும் இருக்கட்டும். ஆற்று மணல் வாங்க வசதியுள்ளவர்கள் வீடு கட்டப் போகலாம்.

இனி தண்ணீர். இந்தச் செடிக்கு எதிரி வெயிலும் அல்ல, வறட்சியும் அல்ல. வீட்டில் இருக்கிற இரக்க குணம். "ஐயோ, வாடிக் கிடக்கே" என்று செம்பும் கையுமாக வருகிற அத்தையைத் தடுப்பதுதான் பராமரிப்பின் முக்கால் பங்கு. தொட்டி மண் அடிவரை காய்ந்த பிறகு ஒருமுறை நன்றாக ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். ஆவி போகாமல் இருக்க இரவில்தான் துளைகளைத் திறந்து காற்று வாங்கும் செடி இது. உங்களைவிட அதற்குச் சிக்கனம் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியிலிருந்து இறக்கி, சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். அப்படியும் அடித்தண்டு கறுத்துக் கொழகொழத்துப் போனால், மேலே நல்ல பாகத்தை வெட்டி மறுபடி காயப் போடுங்கள். அத்தையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளியுங்கள்.

மொட்டு பலூன் மாதிரி உப்பும்போதே உறவினர்களுக்கு அழைப்பு அனுப்பலாம். விரிந்தால் ஐந்து கை நட்சத்திரம், 25 செ.மீ. அகலம் சாதாரணம், 40 வரைகூடப் போகும். 1877இல் தாவரவியலாளர் என். இ. பிரௌன் இதற்கு 'ஜைஜான்டியா' (ராட்சத) என்று பெயர் வைத்ததில் மிகையில்லை. வெளிர் மஞ்சளில் செவ்வரிகள், மேலே மெல்லிய ரோமம். வாடையோ செத்த எலி. அழுகிய இறைச்சி என்று நம்பி ஈ வந்து முட்டையிடும், மகரந்தப் பொட்டலத்தை மாட்டிக்கொண்டு கிளம்பும். முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்குத் தின்ன ஒன்றுமில்லை, செத்துப்போகும். இவ்வளவு பெரிய மோசடியை இவ்வளவு அழகான பூ செய்கிறது.

பூத்த தொட்டியைக் கூடத்தில் வைத்தால், மாமா எலியைத் தேடி பீரோவை நகர்த்த ஆரம்பிப்பார். அதற்குப் பின்னால் கூட்டிப் பல வருஷமாகியிருந்தால் தடுக்காதீர்கள். அடுக்குமாடிக்காரர்கள், சங்கச் செயலாளர் கீழ்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி முடிக்கும்வரை வாய் திறக்க வேண்டாம். பூ சில நாளில் வாடிவிடும். அதற்குள் படம் எடுத்துப் பகிருங்கள். படத்துக்கு வாடை இல்லாததால் விருப்பக்குறிகள் குவியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பூ உதிர்ந்த இடத்தில் கொம்புபோல இரட்டைக் காய் வந்தால், வெடிப்பதற்குள் பறித்துவிடுங்கள். எருக்க விதை போலவே இதன் விதையும் பஞ்சோடு பறக்கும். பக்கத்து மாடியில் விழுந்து முளைத்து, அங்கே பூத்து, வழக்கு உங்கள் வாசலுக்கு வந்தால், சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடாதீர்கள்.